தண்ணீர் வார்க்கும் கை

கனகலிங்கத்தின் தலைமயிர் எப்போதும் ஈரமாகவே இருக்கும். மாலை ஆறு மணிக்கு லூயிஷாம் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடந்து வருகிறபோது, மழை இல்லாத நாளிலும் அவருடைய சட்டைக் கொலர் நனைந்திருக்கும். இதற்கு ஏழு வருடங்களாக அவருடைய மனைவி சந்திரவதனா ஒரு காரணம் சொல்லி வந்தாள்: அவருக்குக் கவுன்சில் நீச்சல் குளத்தில் வேலை. யாரோ டெலிபோனில் கேட்டபோது அவசரத்துக்கு வாயில் வந்த பொய் அது. பிறகு அதற்கு ஷிப்ட், சீருடை, குளோரின் மணம் என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டன. கனகலிங்கத்தின் தங்கை கலாவதியின் கணவர் பாலேந்திரா ஒரு கோடை விடுமுறையில், "மச்சான், பிள்ளைக்கு ஓசியில பாஸ் எடுத்துத் தாருமன்" என்று கேட்டார். கனகலிங்கம் வரிசையில் நின்று கைக்காசு கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார். அவருக்கு நீந்தத் தெரியாது.

அவர் வேலை செய்தது ஒரு மலர்ச்சாலையில். முன் அறையில் பூச்சாடிகளும் மெத்தை நாற்காலிகளும் இருக்கும்; அங்கேதான் செத்தவரின் சொந்தக்காரர் வந்து சவப்பெட்டி தெரிவு செய்வார்கள். பின்னால் படி இறங்கினால் குளிர்ந்த அறை. நடைபாதையில் பதித்த தடித்த கண்ணாடிக் கட்டிகளின் வழியாக அதற்குள் வெளிச்சம் இறங்கும். தெருவில் போகிறவர் வருகிறவர்களின் கால்கள் நிழல் நிழலாக அதில் நீந்திப் போகும். கீழே, ஆறேழு பேர் நடுவில், கனகலிங்கம் ஒருவர்தான் மூச்சு விடுகிறவர்.

அந்த அறைக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு வேட்டி. 1987இல் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மேல்மாடியில் வெங்கடாசலம் என்ற மலேசியக்காரர் தனியே குடியிருந்தார். அவர் இறந்தபோது மலர்ச்சாலைக்குப் பார்க்கப் போன கனகலிங்கம், பெட்டிக்குள் வேட்டியைக் குளியல் துவாய்போலச் சுற்றி இரண்டு ஊசி குத்தியிருப்பதைக் கண்டார். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, தானே அவிழ்த்து, கொசுவம் பிடித்து, கரை நேராக விழும்படி கட்டிவிட்டார். கட்டும்போது, "ஐயா, ஒருக்கா இடுப்பைத் தூக்கிறன், குறை நினையாதேங்கோ" என்று சொன்னார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. மலர்ச்சாலை முதலாளி கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் ஒரு குஜராத்திக் கிழவருக்காக டெலிபோன் வந்தது. அதற்கடுத்த மாதம் மதுரைக்காரர் ஒருவருக்காக. வருட முடிவில் பெற்றோல் ஸ்டேஷன் வேலையை விட்டுவிட்டு அங்கேயே சேர்ந்துவிட்டார்.

ஆண்களைக் கழுவித் துடைப்பது, முகம் வழிப்பது, நகம் வெட்டுவது, வேட்டி கட்டி நெற்றியில் திருநீறு பூசுவது: இவ்வளவும் அவருடைய பொறுப்பு. பெண்களுக்கு வீட்டுப் பெண்கள் வருவார்கள். அவர் வெளியே நின்று சுடுதண்ணீர் எடுத்துக் கொடுப்பார். பிரேதம் தொட்ட கையோடு வீட்டுப் படி ஏறக்கூடாது என்பது பிறந்ததிலிருந்து உடம்பில் ஏறிய பழக்கம். ஆகவே தினமும் வேலை முடிந்ததும் பின்பக்கக் குளியலறையில் தலைமுழுகிவிட்டுத்தான் ரயில் ஏறுவார். அவரைப் பார்த்த தமிழ்க் குடும்பங்கள் பல. ஆனால் செத்தவீட்டில் எதிரே நிற்கிறவனின் முகம் யாருக்கும் மனதில் நிற்பதில்லை. தெரிந்த யாழ்ப்பாணத்து ஆட்கள் வந்தால் அவர் கீழே இருந்து மேலே வரமாட்டார்.

இப்படியே இன்னும் பல வருடங்கள் போயிருக்கலாம். 1995 ஜனவரியில் கலாவதியின் மகள் துஷ்யந்தி பெரியபிள்ளையானாள். ஈஸ்டர் விடுமுறையில் சாமத்தியச் சடங்கு என்று நாள் வைத்தார்கள். சடங்கில் முதல் காரியம் தாய்மாமனுடையது. தேங்காய் உடைத்து, பிள்ளையின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்து, முதல் தண்ணீரை வார்ப்பது அவர்தான். கலாவதிக்குக் கூடப்பிறந்த அண்ணன் இவர் ஒருவர். கனகலிங்கத்துக்கும் சந்திரவதனாவுக்கும் பிள்ளை இல்லை. அதைப்பற்றி இருவரும் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்தாயிற்று. கலாவதி பிஸ்கட் பக்டரியில் வேலைக்கு நின்ற காலத்தில், துஷியை நேசரியிலிருந்து கூட்டிவந்து மடியில் வைத்துச் சோறு தீத்தியவர் இவர்தான்.

கலாவதியோ செத்தவீட்டுக்குப் போய்வந்தால் செருப்பையும் கழுவுகிறவள். அண்ணனின் கை தினமும் எங்கே படுகிறது என்று தெரிந்தால், அந்தக் கையைத் துஷியின் தலைக்குக் கிட்டவும் விடமாட்டாள். வால்தம்ஸ்டோவில் நகைக்கடை வைத்திருந்த அவளுடைய ஒன்றுவிட்ட தமையன் சிவானந்தன், "உன்ர அண்ணைக்கு ஏலாதெண்டா தாய்மாமனா நான் நிக்கிறன்" என்று ஏற்கெனவே இரண்டு தரம் சொல்லியிருந்தான். கனகலிங்கத்துக்கு ஈஸ்டர் வரைக்கும் ஒரே ஒரு காரியம் வேண்டியிருந்தது: தங்கைக்குத் தெரியக்கூடாது.

துஷிக்குச் சடங்கே பிடிக்கவில்லை. பள்ளிக்கூடச் சிநேகிதிகளுக்கு என்னவென்று சொல்லுவது என்று இரண்டு நாள் அறைக்கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தாள். மூன்றாம் நாள் ஒரு நிபந்தனையோடு வெளியே வந்தாள். லைப்ரரியில் எடுத்த புத்தகம் ஒன்றில், தெற்கே வின்செஸ்டர் என்ற பழைய நகரத்தில் பேய்கள் உலாவுகின்றன என்று இருந்ததாம். பெப்ரவரி விடுமுறையில் இரண்டு நாள் அங்கே கூட்டிப் போகவேண்டும். மாமாவும் மாமியும் வரவேண்டும். அப்படியென்றால் சேலை கட்டுவாள், தலை குனிந்து உட்காருவாள், வீடியோக்காரன் சொல்லுகிற பக்கமெல்லாம் திரும்புவாள்.

"ஊரில பேய்க்குப் பயந்து பிள்ளையளை வெளியில விடமாட்டம். இவள் காசு குடுத்துப் போய்ப் பாக்கப்போறாளாம்" என்றாள் கலாவதி. ஆனாலும் சம்மதித்தாள்.

சனிக்கிழமை காலை பாலேந்திராவின் டொயோட்டாவில் ஐந்து பேரும் போனார்கள். பின்னால் இடியப்பப் பொதி, கட்டைச் சம்பல், ரோல்ஸ், இரண்டு பிளாஸ்க் தேத்தண்ணி, கலாவதி வீட்டிலிருந்து எடுத்துவந்த படுக்கை விரிப்புகள். விடுதிக் கட்டிலில் யார் யார் படுத்தார்களோ என்பது அவளுடைய கவலை. மோட்டர்வேயில் மூடுபனி. வயல்களும் மரங்களும் அருகில் வந்த பிறகே தெரிந்து, தெரிந்ததும் மறைந்தன. ரேடியோகூட மெல்ல மெல்லக் கரைந்து, வெறும் இரைச்சலாகி நின்றுவிட்டது. யாரும் அதை நிறுத்தவில்லை.

வின்செஸ்டரிலும் பனி கலைந்திருக்கவில்லை. தெருக்கள் சரிந்து இறங்கி, எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தத்தில் முடிந்தன. வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்குகிறமாதிரி நின்றன. மணி அடித்தது; எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை. சிறு விடுதி ஒன்றில் இரண்டு அறை எடுத்திருந்தார்கள். சாவியைக் கொடுத்த மூதாட்டி, மாடிப்படியில் சாம்பல்நிறச் சீமாட்டி ஒருத்தி நிற்பதுண்டு, தொல்லை தரமாட்டாள் என்று, வெந்நீர் எப்போது வரும் என்று சொல்லுகிற அதே குரலில் சொன்னாள். துஷிக்கு முகம் மலர்ந்தது. கலாவதி இரண்டு அறை நிலையிலும் திருநீற்றால் மூன்று குறி இழுத்தாள்.

மாலை ஆறு மணிக்கு, தெருவிளக்குகள் பனியில் மஞ்சளாகக் கசியும் நேரத்தில், பேய் நடை தொடங்கியது. கறுப்புத் தொப்பியும் கையில் லாந்தருமாக ஒரு பெண் முன்னால் போனாள். பின்னால் பதினைந்து பேர். பேராலய மதில் ஓரமாக நின்று, இந்த வழியால் ஒரு துறவி நொண்டி நொண்டி நடப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள் என்று அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நொண்டியெண்டா நல்லது. ஓடித் தப்பலாம்" என்றார் பாலேந்திரா.

"வாயை வைச்சுக்கொண்டு சும்மா வாங்கோ. சனம் திரும்பிப் பாக்குது" என்றாள் கலாவதி. அவள் ஒரு கையால் சந்திரவதனாவின் கோட்டைப் பிடித்திருந்தாள். மற்றக் கை கோட்டுப் பைக்குள், கடதாசியில் மடித்த திருநீற்றுச் சரையோடு இருந்தது.

"மச்சாள், விடுங்கோ, கோட்டுத் தையல் போகுது" என்றாள் சந்திரவதனா.

கனகலிங்கம் கடைசியாக நடந்தார். பனிக்குள் லாந்தர் மிதந்து போனது. கல்லறைப் பலகைகள் புல்லில் சாய்ந்து நின்றன. சிலதில் எழுத்து அழிந்து வெறும் கல்லாகிவிட்டது. இந்த ஊரில் செத்தவர்கள் உயிரோடிருப்பவர்களுக்கு இடையூறு செய்யாமல், பக்கத்து வீட்டுக்காரரைப்போல இருக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அவருடைய அறையிலும் அப்படித்தான். துஷி பின்தங்கி அவர் பக்கத்தில் வந்தாள்.

"மாமா, உங்களுக்குப் பயமே இல்லையா?"

"எதுக்கு?"

"டெட் பீப்பிளுக்கு."

"அவை ஆரையும் ஒண்டும் செய்யமாட்டினம். கொஞ்சம் குளிராயிருப்பினம், அவ்வளவுதான்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

முன்னால் போன சந்திரவதனா சட்டென்று திரும்பினாள். "இஞ்சாருங்கோ, பிள்ளைக்குக் கழுத்தில மவ்ளரை ஒழுங்காச் சுத்தி விடுங்கோ" என்றாள். கண்ணால் இன்னொன்றும் சொன்னாள். கனகலிங்கம் மவ்ளரைச் சுற்றிவிட்டார்.

மறுநாள் காலை, படியில் கிறீச் கிறீச்சென்று சத்தம் கேட்டதென்றும், தான் கண்ணை மூடவே இல்லையென்றும் கலாவதி சொன்னாள். அது தான்தான் என்று பாலேந்திரா ஒப்புக்கொண்டார். காரில் மிச்சமிருந்த ரோல்ஸை எடுக்கப் போனாராம். துஷி ஏமாற்றத்தோடு அவரைப் பார்த்தாள்.

பேராலயத்துக்குள் போனபோது காலைப் பூசை முடிந்து, மெழுகுதிரி மணம் மிச்சமிருந்தது. தூண்கள் எங்கே முடிகின்றன என்று தெரியாத உயரத்துக்குப் போயின. பீடத்துக்குப் பக்கத்தில், கல் மதில்களின்மேல், வண்ணம் தீட்டிய மரப்பெட்டிகள் ஆறு இருந்தன. உள்ளே ஆயிரம் வருடத்துக்கு முந்திய அரசர்களின் எலும்புகள் என்று துஷி பிரசுரத்தைப் பார்த்து வாசித்தாள். இங்கிலாந்தில் நடந்த உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் உள்ளே புகுந்து எலும்புகளை வீசி எறிந்தார்களாம். பிறகு ஊர்ச்சனம் பொறுக்கி, எது யாருடையது என்று தெரியாமல், கலந்து போட்டு மூடிவிட்டார்களாம்.

மற்றவர்கள் நகர்ந்த பிறகும் கனகலிங்கம் அங்கேயே நின்றார். பேய்க் கதை எதுவும் அவரைத் தொடவில்லை, இது தொட்டது. கீழறையில் அவர் ஒவ்வொருவர் கையிலும் கட்டியிருக்கும் பெயர்த் துண்டை மூன்று தரம் வாசிப்பார். மாறிப்போகக்கூடாது என்ற ஒன்றுக்காகத்தான் அவருக்கு இரவில் சில வேளை நித்திரை வருவதில்லை. அண்ணாந்து, வாய்க்குள், "குறை நினையாதேங்கோ ஐயாமார். பிரிச்சு வைக்கத் தெரிஞ்ச ஆள் அண்டைக்கு இருக்கேல்லை" என்றார்.

"ஆரோட கதைக்கிறீங்கள்?" துஷி பின்னால் நின்றாள்.

"சும்மா."

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து நிலவறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். மாரிமழையில் நிலவறைக்குள் தண்ணீர் ஏறியிருந்தது. வளைவுக் கூரைகள் அசையாமல் தண்ணீருக்குள்ளும் தெரிந்தன. நடுவில், முழங்காலளவு தண்ணீரில், ஆள் உயரச் சிலை ஒன்று, குவித்த கைகளைக் குனிந்து பார்த்தபடி நின்றது.

"அந்தாள் என்ன செய்யிறார்?"

"கையில தண்ணி வைச்சிருக்கிறார் போல."

"ஏன்?"

"தெரியாது, பிள்ளை."

இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே சத்தம் என்று ஒன்றும் இல்லை. கனகலிங்கத்துக்கு, தான் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம், மேலேயா தண்ணீருக்குள்ளேயா என்று ஒரு கணம் குழம்பியது. அது பயமாக இல்லை. நல்ல நித்திரைக்குள் இறங்குகிற மாதிரி இருந்தது.

"மாமா, சடங்கில நீங்க ஊத்தேக்க குளிருமா?" என்றாள் துஷி.

"சுடுதண்ணி கலந்துதான் ஊத்துவன்."

"எல்லாரும் பாப்பினமா?"

"பொம்பிளையள் நிப்பினம். ஆம்பிளை நான் மட்டும்தான். நான் வாத்துப்போட்டு உடன வெளிய வந்திடுவன்."

அவள் யோசித்தாள். "சிவா மாமா எண்டா நான் இருக்கமாட்டன். அவர் எல்லாத்துக்கும் ஜோக் அடிப்பார்."

கனகலிங்கம் கம்பியின் மேல் கையை மாற்றி வைத்தார். கம்பி கைக்குள் சில்லென்று இருந்தது.

வெளியே வந்து, பேராலயத்துத் தேநீர்ச்சாலையில் ஐவரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாலேந்திரா ஸ்கோனில் ஜாம் பூசிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பது வயதிருக்கும். கோட்டும், கட்டையாக வெட்டிய மயிரும். கனகலிங்கத்தின் முகத்தை அல்ல, கையைத்தான் அவள் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மன்னிச்சுக்குங்க. நீங்க லண்டன்ல... எங்கப்பாவுக்கு... நீங்கதானே?"

சந்திரவதனா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். "இல்லை, ஆள் மாறிப் பாக்கிறியள். இவர் சுவிமிங் பூலில—"

அந்தப் பொய் மேசையில் கிடந்தது. கனகலிங்கம் தலையாட்டினால் போதும். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுவாள். ஈஸ்டருக்கு எட்டு வாரம்தான் இருந்தது. அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். தகப்பனுடைய அதே நாடி, மோவாய் நடுவில் குழி. வழிக்கும்போது அந்தக் குழிக்குள் கத்தி போகாமல் அவர் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. அந்த மனிதரைக் கழுவியவன் நான் இல்லை என்று, அந்த மனிதருடைய முகத்தைப் பார்த்தே சொல்ல வாய் வரவில்லை.

"ஓம், நான்தான்" என்றார். "அமிர்தலிங்கம் ஐயா. போன வருசம் மே மாசம்."

"ஆமா!" என்றாள் அவள். "நான் நீலவேணி, அவரு பொண்ணு. எங்கப்பா சிங்கப்பூர் துறைமுகத்துல வேலை பார்த்த காலத்துலேருந்து வலது கையிலதான் வாட்ச் கட்டுவாரு. நான் வாட்சைக் குடுத்தேன், எந்தக் கைன்னு சொல்ல மறந்துட்டேன். வீட்டுக்குப் போயி அதையே நினைச்சு அழுதேன். மறுநாள் வந்து பார்த்தா வலது கையில இருக்கு. எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"வலது மணிக்கட்டில தோல் வெளிறியிருந்தது, அம்மா. வாட்ச் கிடந்த இடம்."

அவள் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு நன்றி சொல்லப் போனேன். சாவு வீட்டுல நன்றி சொல்லக் கூடாதுன்னு அத்தை இழுத்துட்டுப் போயிட்டாங்க. இன்னைக்குச் சொல்லலாம்ல?"

சொல்லிவிட்டு, எல்லாருக்கும் பொதுவாகத் தலையசைத்துவிட்டு, தன் மேசைக்குப் போனாள். பிறகு அவளும் கூட வந்தவரும் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். பாலேந்திராவின் ஸ்கோன் பாதி வழியில் நின்றது. கலாவதி எழுந்து, கோட்டைக்கூடப் பூட்டாமல், வெளியே நடந்தாள்.

ஆற்றோரமாக ஒரு பாதை இருந்தது. கலாவதி முன்னால் போக, மற்ற நால்வரும் பின்னால் போனார்கள். ஆறு பச்சையாக, அவசரப்படாமல் ஓடியது. தண்ணீருக்கடியில் பாசிகள் நீட்டிப் படுத்து ஆடிக்கொண்டிருந்தன. உட்காரப் போட்டிருந்த ஒரு வாங்கிலின் அருகே அவள் நின்றாள்.

"எத்தினை வருசம்?"

"ஏழு" என்றார் கனகலிங்கம்.

"மச்சாளுக்குத் தெரியும்."

"முதல் நாளே."

"எனக்கு மட்டும் குளத்துக் கதை."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியோ, கலா?"

"விட்டிருக்கமாட்டன்" என்றாள் அவள். பொய் சொல்லுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "ஊரில இது ஆர் செய்யிற வேலையெண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். அவையை எங்கட படலைக்கு வெளிய எவ்வளவு தூரத்தில நிப்பாட்டி வைச்சனாங்கள் எண்டும் தெரியும். அப்ப நான் அவையின்ர முகத்தைப் பாத்ததே இல்லை. இப்ப என்ர முகத்தை ஆரும் பாக்கிறேல்லை. சரிக்குச் சரி."

கலாவதி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். துஷி எதையோ சொல்ல வாயெடுத்தாள். சந்திரவதனா அவளுடைய தோளை அழுத்தினாள்.

பாலேந்திராதான் கேட்டார். அவருடைய குரலில் வழக்கமான விளையாட்டு இல்லை. "மச்சான், தொண்ணூற்றிரண்டில... என்னைப் பெத்த ஐயா செத்த நேரம். அந்த மலர்ச்சாலை நல்லதாம் எண்டு நீர்தானே சொன்னனீர்."

"ஓம்."

"அப்ப ஐயாவுக்கும்?"

"காலமை ஏழு மணிக்கு நான்தான் எல்லாம் செய்தனான். பிறகு குளிச்சு உடுப்பு மாத்தி, பத்து மணிக்கு முன்வாசலால உங்களோட வந்தனான்."

பாலேந்திரா மெல்ல வாங்கிலில் உட்கார்ந்தார். "மயிரை இடப்பக்கமா வகிடு எடுத்து இழுத்திருந்தது. எங்கட ஐயாவுக்கு அதுதான் பழக்கம். வெள்ளைக்காரனுக்கு எப்பிடித் தெரிஞ்சது எண்டு அண்டைக்கு முழுக்க யோசிச்சனான்." கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தார். "உயிரோட இருக்கேக்க, ஏலாத காலத்திலயும், வேட்டியைத் தொட என்னை விடாத மனிசன். உம்மட கையில சத்தம் போடாமக் கிடந்திருக்கிறார்."

"நல்ல அமைதியா இருந்தவர்" என்றார் கனகலிங்கம்.

பாலேந்திரா சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கலாவதி கணவனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். மாமனார் பெட்டிக்குள் படுத்திருந்த அழகை வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி மெச்சியவள் அவள்.

"எனக்குப் பசிக்குது" என்றாள் துஷி.

கலாவதி பையைத் திறந்தாள். அவளுக்கு ஒரு முடிவும் வராத நேரங்களில் கை தானாகச் சாப்பாட்டுப் பொதிக்குப் போகும். மகளுக்கு இரண்டு இடியப்பம், கணவனுக்கு மூன்று, சந்திரவதனாவுக்கு இரண்டு. அண்ணனுக்கு எடுத்தவள் நின்றாள். கடதாசித் தட்டு அவளுடைய கையிலேயே இருந்தது.

"கை கழுவினியோ?"

"தேநீர்ச்சாலையில கழுவினனான்."

"இன்னொருக்காக் கழுவு."

கனகலிங்கம் கரையில் இறங்கி, முழங்காலை மடித்து இருந்து, இரண்டு கையையும் ஆற்றுக்குள் விட்டார். நகத்தின் அடி நோகும் குளிர். விரல்களுக்கு இடையால் பாசி ஒன்று தடவிப் போனது. அவர் அவசரப்படவில்லை. எழுந்து வந்தபோது கையிரண்டும் சிவந்திருந்தன, தண்ணீர் சொட்டியது. கலாவதி அவற்றை நல்லாகப் பார்த்தாள். முன்பக்கம், பின்பக்கம், நகம். பிறகு தட்டை வைத்தாள். சம்பலைத் தன் கையாலேயே பிய்த்து ஓரத்தில் வைத்தாள்.

"எத்தினை நாள் லீவு தருவாங்கள்?" என்றாள்.

"என்னத்துக்கு?"

"சடங்குக்கு முன்னம். அந்தக் கீழ் அறைக்குப் போகாம. பத்து நாள் நில்."

"பத்து நாள் ஏலாது, கலா. பத்து நாளில எத்தினை பேர் வருவினம். அவைக்கு ஆர் செய்யிறது? மூண்டு நாள் நிப்பன்."

"மூண்டு நாளோ! பிரேதம் தொட்ட துடக்குக் கழியவேண்டாமோ? எட்டு."

"நாலு."

"அம்மா, இது என்ர தலைதானே?" என்றாள் துஷி, வாய் நிறைய இடியப்பத்தோடு. "நாலே காணும், போதும்."

"நீ பேசாமச் சாப்பிடு. உன்ர தலையைப் பெத்தவள் நான்." கலாவதி அண்ணனிடம் திரும்பினாள். "ஆறு. அதுக்கு ஒரு நாள் குறைஞ்சாலும் சிவானந்தன்தான் நிப்பான். ஆறு நாளும் என்ர வீட்டில வந்து நில். நான் பாக்க வேணும்."

ஆறு நாள். கனகலிங்கம் மனதுக்குள், வரப்போகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆறு நாட்களில் எவரோ இருவர் மூவர் அந்தக் கண்ணாடி வெளிச்சத்துக்குக் கீழே, துவாய்போலச் சுற்றிய வேட்டியோடு படுத்திருப்பார்கள். அவர்கள் யார் என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. எங்கேயோ ஒரு வீட்டில் இப்போது மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஆறு தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

"சரி. ஆறு" என்றார்.

கலாவதி பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர் வாங்கும்போது விரலில் விரல் பட்டது. அவள் கையை இழுக்கவில்லை, ஆனால் பார்த்தாள்.

"தேங்காயை ஒரே அடியில உடைக்க வேணும், சொல்லிப்போட்டன்" என்றாள். "போன வருசம், என்னோட பக்டரியில நிண்ட மரியமலரின்ர தங்கச்சி வீட்டில மாப்பிளை வரவேற்பில மூண்டு தரம் அடிச்சவங்கள். சனம் இண்டைக்கும் கதைக்குது."

"ரெண்டு தேங்காய் கூடுதலா வாங்கி வை, பழகிப் பாக்கிறன்" என்றார் கனகலிங்கம், இடியப்பத்தைச் சம்பலில் தொட்டபடி.